ஆஃப்ஆன் கைவைக்காத கம்ப்யூட்டர்

அந்தத் தெருவில் ஆஃப்ஆன் கடை எது என்று கேட்டால் மூக்கு ஒழுகும் பிள்ளைகூட வழி காட்டும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. மற்றபடி பெரியவர்களுக்கு ஆஃப்ஆன், சிறியவர்களுக்கு ஆஃப்ஆன் அண்ணன். கோபக்காரர்களுக்கு மட்டும் "ஏய் ஆஃப்ஆன்".

மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது கடை. படிக்கட்டுதான் கூரை என்பதால் உள்ளே போகப் போக அது இறங்கிக்கொண்டே வரும். வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். நடுவில் கழுத்தைச் சாய்க்க வேண்டும். கடைசி மூலைக்குப் போனால் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த மூலையில்தான் அவருடைய மேஜை. மேஜையை ஒட்டிய சுவரின் நீளத்துக்கு ஒரு பரண் பலகை, அதன்மேல் அவர் தூக்கிப் போட மனம் வராத சாமான்கள் எல்லாம் அடுக்கியிருக்கும்: கண்ணாடிக் குழாய் வைத்த பழைய மானிட்டர்கள், மூடி இல்லாத கேபினெட்டுகள், பாம்புபோல் சுருண்ட வயர்கள், ரிப்பேருக்குக் கொடுத்த யாரோ திரும்ப வாங்காமல் விட்டுப்போன பிரிண்டர். மாடி வீட்டுக்காரர்கள் படியேறும்போதெல்லாம் இந்தச் சாமான்கள் மெல்ல ஒரு தாளம் போடும்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு நடந்ததற்கும் அதற்கும் உறவு இருக்கிறது.

மீசை அரும்பிய வயதில் அவர் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் கால்பந்து இறுதி ஆட்டம். கடை வாசலில் வைத்திருந்த பெரிய டிவியின் முன் தெருவே கூடி நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் படம் லேசாக நடுங்கியது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் டிவியை அணைத்து, மறுபடி போட்டார். அந்தக் காலத்து டிவி சூடேறிப் படம் காட்ட நேரம் எடுக்கும். முதலில் சத்தம்தான் வந்தது. சத்தத்தில் கோல் விழுந்துவிட்டது. படம் வந்தபோது ஜெயித்தவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அவரை அடுத்த தெருமுனை வரை துரத்தியது. துரத்திய வேகத்தில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒட்டினாலும் புத்தி மாறவில்லை. டிவி போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அவரும் டிவியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தார். எது வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றேதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் அதிலேயே ஓடிவிடும். ஓடாததற்கு அவருடைய சட்டைப்பையில் மருந்து இருந்தது: பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர். கம்ப்யூட்டருக்குள்ளே மெமரி என்று ஒரு சிறு பலகை செருகியிருக்கும். வேலை நடக்கும் நேரத்தில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியதை எல்லாம் கம்ப்யூட்டர் அதில்தான் வைத்துக்கொள்ளும். அதன் விளிம்பில் பொன்னிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அவை மங்கிவிட்டால் கம்ப்யூட்டர் கண் திறக்காது. ஆஃப்ஆன் மெமரியைக் கழற்றி, அந்தப் பட்டைகளை ரப்பரால் தேய்த்து, வாயால் ஒருமுறை ஊதி, திருப்பிச் செருகுவார். பீப் என்று ஒரு சத்தம் கேட்கும், படம் வரும். "அவ்ளோதான், எடுத்துட்டுப் போங்க" என்பார். வந்தவர் வாய் திறப்பதற்குள் அடுத்த கம்ப்யூட்டரின் மூடி திறந்திருக்கும்.

குடும்பத்திலும் இதே வைத்தியம்தான். மனைவியோடு வாக்குவாதம் முற்றினால் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மறு நொடியே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். இப்பச் சொல்லு, முதல்லேர்ந்து."

சிரிக்காமல் சண்டை போடுவது எப்படி என்று அந்த அம்மாளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. மனைவி குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் இருந்தார். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் சொல்லும் வாசகம், "லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க." அவருக்குப் பொறுமைதான் வேலை. வீட்டுக்குத் திரும்பினால் பொறுமை என்பதே தெரியாத புருஷன்.

ஆஃப்ஆனுக்கு ஒரு அக்கா. கட்டட வரைபடம் வரைகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே வரைபட அலுவலகத்தில் இருந்தார். அவர் வரைந்த கட்டடங்கள் ஊரெங்கும் நின்றன, ஆனால் ஒன்றின் மேலும் அவர் பெயர் இல்லை. அந்த அலுவலகம் ஒருநாள் மூடப்பட்டது. அக்கா சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வரைய ஆரம்பித்தார். கொஞ்ச காலம் சமையலறை அலமாரி, மாடிக் கழிப்பறை என்று சில்லறை வேலைகள். பிறகு, அவர் பெயரைச் சொல்லியே தேடிக்கொண்டு ஒரு வேலை வந்தது: பூட்டிக் கிடந்த பழைய கட்டடம் ஒன்றைக் குழந்தைகள் நூலகமாக மாற்ற வேண்டும்.

அக்கா உயிரைக் கொடுத்து வரைந்தார். கட்டடத்தின் நடுவில் இருந்த அகலமான படிக்கட்டையே குழந்தைகள் உட்கார்ந்து படிக்கும் இடமாக ஆக்கியிருந்தார். ஒவ்வொரு படியின் அடியிலும் புத்தக அறை, எட்டிப் பார்த்தால் மேலேயிருந்து வெளிச்சம். ஆனால் நூலகக் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. திங்கட்கிழமை காலையில் கட்டடத்துக்குள் நடந்து போவதுபோலத் திரையில் காட்ட வேண்டும். இன்னொரு அலுவலகமும் காட்டப்போகிறது. யாருடையது பிடிக்கிறதோ அவர்களுக்கு வேலை.

அங்கேதான் சிக்கல். அக்காவின் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. திரையில் வாசலைத் தாண்டி உள்ளே போகும்வரை ஒழுங்காக நடக்கும். படிக்கட்டு வந்ததும் முட்டிவலிக்காரர்போல நின்றுவிடும். ஒரு படி ஏறினால் அடுத்த படிக்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அக்காவின் நூலகத்தில் பார்க்க வேண்டியதே அந்தப் படிக்கட்டுதான்.

"புதுசா வாங்கிடலாம்னா, விலையைக் கேட்டா தலை சுத்துது" என்றார் அக்கா, தம்பியின் கடை வாசலில் நின்று. உள்ளே வரமாட்டார். ஒருமுறை தலை இடித்துக்கொண்டவர். "பிராசஸர்கூடப் பரவாயில்லடா. இந்த மெமரி விலைதான் ராக்கெட் மாதிரி ஏறிக் கிடக்கு."

"புது மெமரி யாரு கேட்டா?" என்றார் ஆஃப்ஆன், மேஜையிலிருந்து திரும்பாமலே. "பிராசஸர் புதுசு, மெமரி பழசு. போட்டுக்கலாம்."

"ஒத்துக்குமா?"

"நான் இருக்கேன்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. அந்தச் சமயத்தில் வந்துகொண்டிருந்த சில பிராசஸர்களுக்குப் பழைய நான்காம் தலைமுறை மெமரியோடும் பேசத் தெரியும், புதிய ஐந்தாம் தலைமுறை மெமரியோடும் பேசத் தெரியும். எதோடு பேசவேண்டும் என்பதை முடிவு செய்வது இரண்டையும் தாங்கி நிற்கும் மதர்போர்டு. ஒரு போர்டில் ஒரு வகைக்குத்தான் இடம். மெமரியின் விளிம்பில் உள்ள வெட்டு வகைக்கு வகை தள்ளி இருக்கும், மாற்றிச் செருக முடியாது. ஆகவே புதுப் பிராசஸர் உட்காரும்படியாகவும் பழைய மெமரிக்கு இடம் கொடுக்கும்படியாகவும் ஒரு போர்டு கிடைத்துவிட்டால் போதும். பழைய மெமரி கொஞ்சம் மெதுவானதுதான். அக்காவின் படிக்கட்டுக்கு அது தாராளம்.

அந்தப் போர்டு இருந்தது மச்சினனிடம்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. அதே தெருவில், எதிர்ச்சாரியில், கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றுமாக ஒரு கம்ப்யூட்டர் ஷோரூம் வைத்திருந்தான். புதுசைத் தவிர எதையும் தொடமாட்டான். மாமாவின் பரணைப் பார்த்தால் அவனுக்கு உடம்பு அரிக்கும். மாமா மேல் உயிர், மாமாவைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. இரண்டும் உண்மை.

"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கடைசியா கிடக்கு, மாமா. யாரும் கேக்காம மூலைல இருந்துச்சு" என்று போர்டு பெட்டியை நீட்டினான். "ஆனா எனக்குப் பாவமா இருக்கு. புது வாய்ல பழைய பல்லைக் கட்டப் போறீங்க."

"பல்லு பழசா இருந்தா என்ன மாப்ளே, கடிக்குதான்னு பாரு."

"கடிக்கலைன்னா?"

"கடிக்கலைன்னா பரண்ல இருக்கிற அத்தனையையும் உன் கையாலயே வெளிய தூக்கிப் போடு. நான் வாயைத் திறக்கல."

மச்சினனின் முகம் ட்யூப்லைட் போட்டதுபோல் ஆயிற்று. "அக்கா சாட்சி" என்று உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டான்.

"நான் டூட்டில இருக்கேன், லைன்லயே இரு, கட் பண்ணாத" என்றது போன்.

நான்கு மெமரி வேண்டியிருந்தது. இரண்டை அக்காவின் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே கழற்றினார்கள். மற்ற இரண்டு பரணில் கிடைத்தன. அக்கா வேலை பார்த்த அலுவலகம் மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர்களைப் பழைய சாமானாக வாங்கி வந்து அடுக்கியிருந்தார் ஆஃப்ஆன். அக்கா உட்கார்ந்து வரைந்த மேஜையின் கம்ப்யூட்டரும் அதில் ஒன்று. அதிலிருந்து எடுத்தவை. நான்கும் எட்டு ஜிபி கொண்ட நான்காம் தலைமுறைதான். ஆனால் இரண்டு ஒரு கம்பெனி, இரண்டு வேறொன்று. அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. சொந்தம் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் குடியிருப்பதுபோல. ஒத்துப்போகக் கொஞ்ச நாழிகை ஆகும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாழிகைதான் ஆஃப்ஆனிடம் இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேலையை ஆரம்பித்தார். போர்டைக் கேபினெட்டுக்குள் வைக்காமல் மேஜையிலேயே ஒரு அட்டைமேல் விரித்தார். பிராசஸரை உட்கார வைத்தார், விசிறியை மாட்டினார், நான்கு மெமரியையும் ரப்பரால் தேய்த்து, ஊதி, டக் டக்கென்று செருகினார். திறந்து வைத்த போர்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. ஓரத்தில் நிற்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூட்ரைவர் முனையால் தொட்டால் உயிர் வரும், சற்று நேரம் தொட்டபடியே இருந்தால் உயிர் போகும். தொட்டார். விசிறி சுற்றியது. போர்டின் மூலையில், மெமரியைக் குறிக்கும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

படம் வரவில்லை.

மஞ்சள் விளக்கு எரிந்தால் மெமரியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஆஃப்ஆன் மூச்சு விட்டு மூச்சு இழுக்கும் நேரம் பார்த்தார். அணைத்தார். மெமரியைக் கழற்றி ரப்பர் போட்டார். மறுபடி ஆன். விசிறி, மஞ்சள் விளக்கு, கறுப்புத் திரை. அணைத்தார். முதல் மெமரியை மூன்றாம் இடத்துக்கும் மூன்றாவதை முதல் இடத்துக்கும் மாற்றினார். ஆன். மஞ்சள் விளக்கு. ஆஃப். ரப்பர் தேய்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. வெயில் வாசலைவிட்டு நகர்ந்து எதிர்ச்சாரிக்குப் போனது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் மனைவி பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே அக்கா. அக்கா தலையைக் குனிந்து உள்ளேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வாசலில் நிற்கிறவர் உள்ளே வந்துவிட்டதிலிருந்தே நிலைமை தெரிந்தது. பின்னாலேயே மச்சினன், கையை வீசிக்கொண்டு, ஜம்மென்று.

"என்ன மாமா, பல்லு ஆடுதா?"

"பேசாத. டார்ச் அடி."

"பரணை எந்தப் பக்கத்துலேர்ந்து காலி பண்றதுன்னு பாக்குறேன்."

"டேய், சும்மா இரு" என்றார் அவனுடைய அக்கா. "அண்ணி முகத்தைப் பாரு."

ஆஃப்ஆனின் அக்கா கையில் போனை வைத்துக்கொண்டிருந்தார். "பரவால்ல விடுடா தம்பி. கமிட்டிச் செயலாளருக்குப் போன் பண்ணி, காகிதத்துல வரைஞ்சதை மட்டும் கொண்டு வர்றேன்னு சொல்லிடுறேன். முன்கூட்டியே சொல்றது மரியாதை."

"காகிதம்னா குடுப்பாங்களா?"

"மாட்டாங்க" என்று அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆஃப்ஆன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போர்டின் பக்கம் திரும்பினார். "கடைசியா ஒரு தடவை" என்று ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஊசிகளைத் தொட்டார். விசிறி சுற்றியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாடியில் குடியிருந்த தையல்காரர் தன்னுடைய தையல் மெஷினை மேஜையோடு கீழே இறக்க ஆரம்பித்தார். தடால், தடால், தடால் என்று ஒவ்வொரு படியாக அது இறங்கிவந்தது. கூரை அதிர்ந்தது. பரணில் இருந்த சாமான்கள் தாளத்தை விட்டு நாட்டியத்துக்குப் போயின. சுவரில் பரணைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. பரண் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"பிடி!" என்று கத்திக்கொண்டே ஆஃப்ஆன் குனிந்தவாக்கிலேயே எழுந்து இரண்டு கையாலும் பலகையைத் தாங்கினார். மச்சினன் மறுமுனைக்குப் பாய்ந்தான். கண்ணாடிக் குழாய் மானிட்டர் ஒன்று மேஜையை நோக்கி நகர்ந்துவந்து, விளிம்பில் நின்றது. நல்லவேளை. அதற்கு நேர் கீழே போர்டு இருந்தது.

இப்போது நிலைமை இது: மாமாவும் மச்சினனும் கையை உயர்த்தியபடி, தலையைச் சாய்த்தபடி, வரம் கேட்டு நிற்கிறவர்கள்போல் நின்றார்கள். அசைய வழியில்லை.

"யோவ் டெய்லரே!" என்று ஆஃப்ஆன் கத்தினார். "இங்க வாய்யா!"

"இதோ வர்றேங்க!" என்று தலைக்குமேலிருந்து குரல் வந்தது. "நடுப்படியில மெஷினை விட முடியாதுங்க. இறக்கிட்டு வர்றேன்!"

தடால்.

ஆஃப்ஆன் கண்ணை ஓரமாகத் திருப்பினார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. அவருடைய கை தானாகத் துடித்தது, ஆனால் கை பலகையில் இருந்தது.

"ஏய், அந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்து அந்த ரெண்டு ஊசியைத் தொடு. ஆஃப் பண்ணு!" என்றார் மனைவியிடம்.

மனைவி பிளாஸ்கைக் கீழே வைத்தார். கணவனைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் தொடாமல் நின்று அவர் பார்த்ததில்லை.

"நான் மாட்டேன்ப்பா. எதையும் தொடாதன்னு நீங்கதானே சொல்வீங்க."

"இப்ப நான்தானே சொல்றேன், தொடு!"

"ஷாக் அடிக்கும்."

"அடிக்காது!"

"அதெப்படி, நீங்க சொன்னா கரெண்ட்டு கேக்குமா?" அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "நல்லா மாட்டிக்கிட்டீங்க. லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க."

மச்சினன் சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. "சிரிக்காதடா, மானிட்டர் விழுந்துடும்!" என்றார் ஆஃப்ஆன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வயிறு வலித்தது.

அப்போது போர்டின் விசிறி நின்றது.

"பாத்தியா!" என்றார். "செத்துப் போச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, விசிறி மறுபடி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி நின்றது. மறுபடி சுற்றியது.

"மாமா" என்றான் மச்சினன், மூச்சு வாங்க. "அது தானாவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுது. உங்க வளர்ப்பு."

ஆஃப்ஆனின் அக்கா அந்த விசிறியைக் கவனிக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் போய் எண்களை அழுத்தினார். போனைக் காதில் வைத்தார். "வணக்கம் சார், நான்தான், நூலகப் படம் வரையிற..." என்று தொடங்கினார்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு விளக்கு ஒரு கணம் மின்னி அதுவும் அணைந்தது. பீப் என்று ஒரு சத்தம்.

திரையில் வெளிச்சம் வந்தது.

ஆஃப்ஆனின் மனைவி அதுவரை தம் உத்தியோகத்தில் ஒருமுறைகூடச் சொல்லியிராத ஒரு வாக்கியத்தைக் கூவினார்.

"அண்ணி, லைனைக் கட் பண்ணுங்க!"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். திரையைப் பார்த்தார். போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். "ஒண்ணுமில்ல சார்" என்றார் அக்கா. "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கத்தான்."

ஆஃப்ஆனுக்குத் திரை தெரியவில்லை. அவர் தலை கூரையோடு நசுங்கியிருந்தது. "என்ன காட்டுது? மெமரின்னு ஒரு வரி இருக்கும் பாரு, எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"முப்பத்திரண்டு ஜிபி" என்று மனைவி படித்தார்.

நான்கு எட்டு முப்பத்திரண்டு. ஒன்றுகூட விடுபடவில்லை. அக்கா வரைந்து தேய்ந்த அலுவலகத்தின் மெமரியும் அக்கா வீட்டு மெமரியும் புதுப் பிராசஸரோடு உட்கார்ந்து ஒத்துப்போய்விட்டன. ஆஃப்ஆன் பரணைத் தாங்கியபடியே "ஆஹா" என்று ஒரு சத்தம் போட்டார். படியில் இருந்த தையல்காரர், பரண் விழுந்துவிட்டது என்றே நினைத்தாராம். மிச்சம் இருந்த படிகளை மெஷினோடு ஒரே ஓட்டமாக இறங்கினார்.

அந்தத் தையல் மேஜையைத்தான் பரணுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்கள். கை இறங்கியதும் மாமாவும் மச்சினனும் தோளைத் தேய்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். மச்சினன் தன்னுடைய ஷோரூம் டெக்னீஷியனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் தூக்கம் கலைந்த குரலில் பேசினாள்.

"புது போர்டுல முதல் தடவை அப்படித்தான் சார். ஒவ்வொரு மெமரியும் எந்த வேகத்துக்கு ஒத்து வருதுன்னு அதுவே சோதிச்சுப் பாக்கும். எல்லாம் ஒண்ணுபோல இல்லைன்னா இன்னும் நேரமாகும். ஒத்து வரலைன்னா தானே அணைஞ்சு, வேகத்தைக் குறைச்சு மறுபடி பாக்கும். ஒரு தடவை முடிஞ்சா ஞாபகம் வச்சுக்கும்."

"இதை ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றான் மச்சினன்.

"நீங்க கேக்கல சார். நான் ஆன் பண்ணிட்டுச் சாப்பிடப் போயிடுவேன். வந்து பாத்தா படம் வந்திருக்கும்."

"நடுவுல ஆஃப் பண்ணி, மெமரியை மாத்தி மாத்தி வச்சா?" என்று ஆஃப்ஆன் கேட்டார்.

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கும் சார். யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

கடைக்குள் எழுந்த சிரிப்பில் தெருவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஆஃப்ஆன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மத்தியானத்திலிருந்து அது ஒவ்வொரு முறையும் பாடத்தைப் பாதிவரை படித்தது. ஒவ்வொரு முறையும் அவர் புத்தகத்தைப் பிடுங்கி மூடியிருக்கிறார்.

அன்று இருட்டுவதற்குள் போர்டைக் கேபினெட்டில் ஏற்றி, அக்காவின் டிஸ்கை மாட்டி, நூலகத்தைத் திறந்தார்கள். அக்கா மௌஸைப் பிடித்தார். வாசல் கடந்தது, கூடம் கடந்தது, படிக்கட்டு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். படம் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. தயங்கவே இல்லை. மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தது. படிகளின் அடியில் புத்தகங்களின் முதுகுகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அக்கா கடைசிப் படிவரை ஏறி, திரும்பி, கீழே இறங்கி, மறுபடி ஏறினார். அடுத்தபடி தையல்காரர் தானும் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். "இந்தப் படியில மெஷின் இறக்கினா சத்தம் கேக்காதுல்ல" என்றார்.

"பல்லு கடிக்குதே மாமா" என்றான் மச்சினன்.

"நல்லா மெல்லுது மாப்ளே."

மறுநாள் அக்கா கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் எடுத்துப்போனார். ஆஃப்ஆனும் கூடப் போனார். ஒரே ஒரு நிபந்தனை போட்டது மனைவி: கமிட்டி முன்னால் அவர் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டார். அக்கா ஸ்விட்சைப் போட்டதும் படம் உடனே வந்தது. முதல் நாள் படித்ததை மறக்கவில்லை. கமிட்டியில் இருந்த அம்மாள் ஒருவர், "அந்தப் படிக்கட்டை இன்னொரு தடவை" என்று கேட்டார். பிறகு இன்னொருவரும் கேட்டார். அக்கா அவர்களை மேலும் கீழுமாகக் கூட்டிக்கொண்டு போனார். வேலை அக்காவுக்கே கிடைத்தது. கட்டி முடித்தபோது நூலக வாசலில் பதித்த கல்லில், வரைந்தவர் என்ற இடத்தில், அக்காவின் பெயர் இருந்தது. ஆஃப்ஆன் அதையும் ரப்பரால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பளபளத்தது.

பரணை அவர் காலி செய்யவில்லை. பந்தயத்தில் ஜெயித்தவர் அல்லவா. ஆனால் புதிய கொக்கிகளை அடித்துக் கொடுத்தது மச்சினன். அதோடு நிற்காமல், தன் ஷோரூமுக்கு வருகிறவர்களிடம், "புதுப் பிராசஸருக்குப் பழைய மெமரியே போதும்னா எதிர்ல ஆஃப்ஆன் கடைக்குப் போங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க" என்று சொல்லியும் அனுப்பினான். அப்படி வந்தவர்கள், ஆஃப்ஆன் மெமரியைச் செருகி ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பதைக் கண்டார்கள். பழகியவர்கள் அதிசயப்பட்டார்கள். "என்ன அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணலையா?" என்றால், "உள்ள பாடம் நடக்குது, தொந்தரவு பண்ணாத" என்பார்.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் வீட்டில் சண்டை வந்தது. எதற்கு என்று இருவருக்கும் நினைவில்லை. குரல் ஏறியது. வழக்கம்போல் ஆஃப்ஆன் எழுந்து கதவு வரைக்கும் போனார். கைப்பிடியைத் தொட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி சந்தேகத்தோடு பார்த்தார். "என்னங்க, கோபம் போயிடுச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"மஞ்ச லைட்டு எரியுது" என்றார் ஆஃப்ஆன். "கொஞ்சம் லைன்லயே இரு."